பட்டன் பாக்கிக்காரர் கப்பலேறிய நாள்

பதினோரு மாடிக் கப்பல் ஒன்று ஒரே ஒரு தையல்காரருக்காகத் துறைமுகத்தில் காத்து நின்றது. தூக்கிய நங்கூரத்தைத் திரும்ப இறக்கியது. கேப்டன் மேல்தட்டில் நின்று, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, "வந்துட்டாரா? வந்துட்டாரா?" என்று கேட்டபடியே இருந்தார். சரி, நங்கூரம் கொஞ்சம் கூடுதல்தான். தொப்பியும் கூடுதல்தான். கேப்டனை அன்றைக்கு யாரும் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. ஆனால் எதைத் தைத்தாலும் உள்ளே இரண்டு விரல் துணி விட்டுத் தைக்க வேண்டும் என்பது அந்தத் தையல்காரரின் கொள்கை. அவருடைய கதைக்கும் அதே அளவுதான். தொளதொளவென்று இருக்கிறது என்பவர்கள் அவரவர் அளவுக்குப் பிடித்துத் தைத்துக்கொள்ளலாம்.

செருப்புக் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் செருகி வைத்தது போல ஓர் அறை. ஜன்னலோரம் மெஷின். கூரைக் குழாயில் தொங்கும் சட்டைகள், கோட்டுகள், கால்சட்டைகள். கீழே குனிந்து நடந்தாலொழிய யாருடைய கையாவது தலையில் தட்டும். இஸ்திரி மேசையில் பெட்டியின் உருவத்திலேயே ஒரு கருகல். அதன் மேல் எப்போதும் ஒரு டீ கிளாஸ். இதுதான் அவர் ராஜ்ஜியம். ஊரில் அவருக்குச் சொந்தப் பெயர் என்று ஒன்று இருந்திருக்க வேண்டும். அது ரேஷன் கார்டோடு சரி. எல்லோருக்கும் அவர் 'பட்டன் பாக்கி'.

எப்போது போனாலும், யார் போனாலும், ஒரே பதில்தான்.

"முடிஞ்சிருச்சு. பட்டன் மட்டும்தான் பாக்கி."

துணி அப்போதுதான் பையிலிருந்து வெளியே வந்திருக்கும். அதற்கும் இதே பதில்தான். ஒரு முறை ஓர் அம்மா தலையணை உறை கேட்டு வந்தபோதும் இதையே சொன்னார். தலையணை உறைக்கு ஏது பட்டன் என்று அந்த அம்மா யோசித்து முடிப்பதற்குள் இவர் வெட்டி, தைத்து, மடித்துக் கையில் கொடுத்துவிட்டார். ஒரு கல்யாணப் பெண்ணின் உடைக்கு இடது கையைக் காரில் போகும்போது தைத்துக் கொடுத்தார். அந்தக் கல்யாண ஆல்பத்தில் பெண் எல்லாப் படத்திலும் பூங்கொத்தை ஒரே பக்கமாகப் பிடித்துக்கொண்டு நிற்பதற்குக் காரணம் வெட்கம் என்று மாப்பிள்ளை வீட்டார் இன்றுவரை நம்புகிறார்கள்.

சோம்பேறி என்று அவரைச் சொல்ல முடியாது. அவர் வாய்க்கு 'முடியாது' என்ற சொல் வராது, அவ்வளவுதான். யார் எதை நீட்டினாலும் "வச்சுட்டுப் போங்க" என்பார். இப்படி வைத்துவிட்டுப் போனவர்கள் ஊரில் பாதிப் பேர். போதாக்குறைக்கு நேரத்தைப் பற்றி அவருக்கு ஒரு சித்தாந்தம் வேறு. "எவனும் துணி விடாம நேரம் சொல்ல மாட்டான். பத்து மணின்னா உள்ள அரை மணி மடிச்சு வச்சிருப்பான். பிரிச்சா வரும்" என்பார். பிரித்துப் பிரித்தே அவர் பாதிக் கல்யாணங்களில் கை கழுவும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த மனைவி ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் ஜன்னலில் உட்கார்ந்தவள். கவுன்ட்டர் அக்கா. நேரம் வந்தால் பலகையைத் திருப்பி வைப்பாள். "கவுன்ட்டர் மூடியாச்சு." இரண்டே வார்த்தை. அதற்கு மேல் அழுதாலும் சரி, விழுந்தாலும் சரி. சொந்தத் தம்பியின் மூக்குக்கு முன்னாலேயே ஒரு தடவை ஜன்னலைச் சாத்தியவள். அவன் மூக்கு கொஞ்சம் சப்பையாக இருப்பது அதனால்தான் என்று ஊரில் ஒரு பேச்சு.

இரண்டு பேரும் எப்படிச் சேர்ந்தார்கள் என்று கேட்காதவர்கள் கிடையாது. அந்த ஜன்னலில்தான். இவர் ஓடி வருவார், அக்கா பலகையைத் திருப்புவாள், ரயில் போய்விடும். மறுநாளும் அதே கதை. மூன்றாவது தடவையும் அவர் ரயிலைத் தவறவிட்டு, முகத்தில் ஒரு வருத்தமும் இல்லாமல் நின்றபோதுதான், இந்த மனுஷன் எங்கேயும் போவதற்காக வரவில்லை என்று அவளுக்குப் புரிந்தது.

கல்யாணத்தன்றைக்கு அவர் கொடுத்த வாக்கு ஒன்றுதான். "உனக்கு என் கையால ஒரு கோட்டு தைச்சுத் தர்றேன்." அதற்கப்புறம் மகள் பிறந்தாள், வளர்ந்தாள், வேலைக்குப் போனாள். கோட்டு மட்டும் வரவில்லை. கேட்டால், தெரிந்த பதில்தான். தையல்காரர் பெண்டாட்டி கடையில் தொங்குகிற ரெடிமேட் கோட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு போவதைப் பார்த்துத் தெருவே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. ரயில்வேக்காரி. காத்திருக்கிறவர்களைப் பார்த்தே பழகியவள்.

அக்கா வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது மகள் இரண்டு பேருக்கும் கப்பல் பயணத்துக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்தாள். கப்பலிலேயே தூங்கி, கப்பலிலேயே சாப்பிட்டு, நாலு ஊரைப் பார்த்துவிட்டுத் திரும்புகிற பயணம். அன்றைக்குச் சாயங்காலம் அக்கா புருஷனைக் கூப்பிட்டு எதிரில் உட்கார வைத்தாள்.

"கேளுங்க. கப்பல் ஏறும்போது என் மேல நீங்க தைச்ச கோட்டு இருக்கணும்."

"அது முடிஞ்ச மாதிரிதான், பட்டன்..."

"பேசக் கூடாது. கோட்டு இருந்தா ரெண்டு பேரும் ஏறுறோம். இல்லைன்னா நான் மட்டும் ஏறுறேன். நீங்க கரையில நின்னு கைய ஆட்டுங்க."

அக்கா பொய் சொல்ல மாட்டாள். அது அவருக்குத் தெரியும். அன்றிலிருந்து அந்த மனிதருக்குத் தூக்கம் போயிற்று. கடல்நீல நிறத்தில் நல்ல கனமான துணி எடுத்தார். கடைக் கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டு வெட்டினார். வெளியே ஆட்கள் தட்டினால் மெஷினுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். கழுத்துப்பட்டையை மூன்று முறை பிரித்துத் தைத்தார். கிளம்புகிற நாள் காலையில், உள்ளே பட்டுத் துணி வைத்து, தோள் நிமிர்ந்து, பை மடிப்பு கத்தி போல நிற்க, கோட்டு முடிந்தே விட்டது. உண்மையாகவே, சத்தியமாகவே, பட்டன் மட்டும்தான் பாக்கி.

இதை எப்படி வெளியே சொல்வது?

மச்சான்தான் வண்டி ஓட்டினான். அந்தச் சப்பை மூக்குத் தம்பி.

"மாமா, அக்கா கோட்டு ரெடியா?"

"ரெடி. பட்டன் மட்டும்தான் பாக்கி."

அவன் சிரித்த சிரிப்பில் வண்டி ரோட்டை விட்டு இறங்கி ஏறியது. "சத்தியமாடா!" என்றார் இவர். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தான். பின்சீட்டில் அக்கா ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "இன்னைக்கு முதல்ல கப்பலேறப் போறது நம்ம மானம்தான்."

இதில் இன்னொரு கூத்து. கப்பலில் ஏற ஒவ்வொருவருக்கும் வந்து சேர வேண்டிய நேரம் என்று ஒன்று குறித்துக் கொடுத்திருந்தார்கள். இவர்களுக்கு ஒரு மணி. அப்பாவைத் தெரிந்த மகள், அம்மாவிடம் பன்னிரண்டு என்றாள். புருஷனைத் தெரிந்த அம்மா, தம்பியிடம் பதினொன்று என்றாள். எல்லோரையும் தெரிந்த தம்பி, மாமாவிடம் பத்து என்றான். இத்தனை பேர் உள்ளே துணி விட்டுத் தைத்த நேரத்தை வழக்கம் போல இவர் பிரித்துக்கொள்வார் என்று ஆளுக்கு ஆள் கணக்குப் போட்டார்கள். இவரோ பயத்தில் ஒரு நூல்கூடப் பிரிக்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொன்ன நேரத்துக்குப் போய் நின்றார். அதுதான் வினையாகப் போயிற்று.

துறைமுக வாசலில் வண்டி நின்றதுமே போர்ட்டர்கள் வந்து பெரிய பெட்டியைப் பிடுங்கிக்கொண்டார்கள். "பெரிய பெட்டியெல்லாம் இப்பவே உள்ள போயிடும். சாயங்காலம் உங்க ரூம் வாசல்ல இருக்கும்" என்று சீட்டைக் கட்டி உருட்டிக்கொண்டு போனார்கள். கையில் மிச்சம் அக்காவின் கைப்பையும், கோட்டு வைத்த பையும்தான்.

கண்ணாடிக் கதவருகே இஸ்திரி கலையாத சீருடையில் ஒரு காவலர்.

"உங்க நேரம் ஒரு மணி. அதுக்கு முன்னாடி உள்ள விட மாட்டோம். அந்த பெஞ்சுல உக்காருங்க. மூணரைக்கு செக்-இன் கவுன்ட்டர் மூடிடும்."

"கப்பல் அஞ்சுக்குத்தானே?" என்றார் தையல்காரர்.

"கப்பல் அஞ்சுக்கு. கவுன்ட்டர் மூணரைக்கு."

"நல்லா தாராளமாத்தான் துணி விட்டிருக்கீங்க."

"என்ன துணி?"

"ஒண்ணுமில்ல சார்."

பெஞ்சு கண்ணாடிச் சுவரை ஒட்டி இருந்தது. உள்ளே பெரிய கூடம், வரிசை, கவுன்ட்டர் எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. அக்கா காபி வாங்கப் போன சமயம் பார்த்து அவர் பையைத் திறந்தார். கோட்டு இருந்தது. நூல்கண்டு இருந்தது. கத்தரிக்கோல் இருந்தது. ஊசி, எல்லாத் தையல்காரர்களையும் போல, சட்டைக் காலரின் அடியிலேயே குத்தியிருந்தது. பட்டன்? கொம்பில் செய்த ஆறு பட்டன்கள். தேடித்தேடி வாங்கியவை. தொலைந்துவிடக் கூடாதென்று அவரே பத்திரமாக எடுத்து வைத்தார். எங்கே வைத்தார்? பெரிய பெட்டியில், ஒரு காலுறைக்குள், பந்து போலச் சுருட்டி.

தூரத்தில் அந்தப் பெட்டி கப்பலின் வயிற்றுக்குள் போய்க்கொண்டிருந்தது. பட்டன்கள் கப்பலேறிவிட்டன. கோட்டு கரையில்.

கப்பலே கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்கக் கூடாது என்பார்கள். கப்பல் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தது. இவர் இரண்டு கன்னத்திலும் இரண்டு கையை வைத்துக்கொண்டார்.

மச்சானை அவசரமாகத் துரத்தினார். "எங்கேயாவது பட்டன் கிடைக்குமான்னு பாரு." அவன் துறைமுகம் முழுக்கச் சுற்றிவிட்டு வேர்க்க விறுவிறுக்க வந்தான். "பட்டன்னு கேட்டா லிப்ட்டைக் காட்டுறாங்க மாமா."

ஒரு மணி ஆயிற்று. அக்கா எழுந்தாள். "கோட்டு?"

அவர் பையைத் தூக்கிக் காட்டினார். வேறு சொல் தெரிந்தால் சொல்லியிருப்பார். "பட்டன் மட்டும்தான் பாக்கி."

அக்கா பையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "கல்யாணத்துல இருந்து கேக்குறேன் இந்த வார்த்தைய. நான் உள்ள போறேன். கவுன்ட்டர் மூடுறதுக்குள்ள கோட்டோட வாங்க. வரலைன்னா தம்பி இருக்கான், வண்டி இருக்கு."

போய்விட்டாள். கண்ணாடிக் கதவு தானாகத் திறந்து, தானாக மூடிக்கொண்டது.

அப்போதுதான் தையல்காரரின் கண் தன் மேலேயே விழுந்தது. பயணத்துக்காக அவரும் கோட்டு போட்டிருந்தார். அதில் பட்டன் இருந்தது! கத்தரிக்கோலை எடுத்தார். அந்த நேரம் பார்த்து 'டர்ர்ர்' என்று ஒரு சத்தம். இவர் இன்னும் எதையும் வெட்டவில்லை. காவலர் கீழே விழுந்த பேனாவை எடுக்கக் குனிந்திருக்கிறார். அவருடைய கால்சட்டை பின்பக்கம் மேலிருந்து கீழ்வரை வாய் பிளந்துவிட்டது. காவலர் சட்டென்று சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். முகம் மட்டும் விறைப்பாகவே இருந்தது.

"சார்," என்றார் உதடு அசையாமல், "உங்க காலர்ல ஊசி இருக்கே."

முடியாது என்று ஒரு வார்த்தை. அது வந்ததா? வரவில்லை. "திரும்புங்க" என்றார்.

துறைமுக வாசலில், பூந்தொட்டிக்குப் பின்னால், சீருடைக்காரரின் பின்புறத்தின் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்து அவர் தைத்தார். "உள்ள ஒரு துளி துணி விடலையே. எவன்யா தைச்சது?" என்று திட்டிக்கொண்டே தைத்தார். "மெதுவா சார், ஊசி" என்றார் காவலர், வரிசையில் வருகிறவர்களுக்கு வழக்கம் போலக் கையால் வழி காட்டிக்கொண்டே.

வழி காட்டியதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. தையல்காரர் என்று தெரிந்துவிட்டதே! பை வார் அறுந்த ஒருத்தி வந்தாள். ஜிப் சிக்கிக்கொண்ட புதுமணப்பெண் வந்தாள், பின்னாலேயே அதைச் சிக்க வைத்த புது மாப்பிள்ளையும் வந்தான். தொப்பி காற்றில் பறக்கிறது, நாடா வைத்துத் தர முடியுமா என்று ஒரு பெரியவர். "இதோ, ஒரு நிமிஷம்" என்றார் எல்லோரிடமும். பெஞ்சு கடையாகிவிட்டது. மச்சான் தலையில் அடித்துக்கொண்டான்.

"மாமா! மணி மூணு ஆச்சு! அங்க பாருங்க!"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வரிசை கரைந்துபோயிருந்தது. அக்கா இன்னும் வரிசையில்தான் நின்றாள். அவளுக்குப் பின்னால் வந்தவர்களை, "நீங்க போங்க", "குழந்தை வச்சிருக்கீங்க, முன்னாடி போங்க", "பரவாயில்ல, நீங்களும் போங்க" என்று கையால் முன்னே அனுப்பிக்கொண்டிருந்தாள். தன் வாழ்நாளில் வரிசையில் ஒருவனைக்கூடக் குறுக்கே விடாதவள். அவர் வாய் பிளந்தது. இவள் போகவில்லை. எனக்காக நிற்கிறாள்.

கத்தரிக்கோல் பாய்ந்தது. தன் கோட்டிலிருந்து பட்டன்களைக் கத்தரித்துப் பல்லில் கவ்விக்கொண்டார். முதல் பட்டன். நூலை இழுத்து, சுற்றி, முடிச்சு. நிமிர்ந்து பார்த்தார். வரிசையில் அக்காவைத் தவிர யாரும் இல்லை. இரண்டாவது பட்டன். அக்கா கவுன்ட்டருக்குப் போய்விட்டாள். கவுன்ட்டர்ப் பெண் ஏதோ கேட்கிறாள், அக்கா காதில் கை வைத்து "ஆங்?" என்கிறாள். அக்காவுக்குப் பாம்புக் காது! மூன்றாவது பட்டன். அக்காவின் கைப்பை மேசையில் கவிழ்ந்து, சீப்பும் சாவியும் மாத்திரையும் உருண்டு ஓடுகின்றன. கவுன்ட்டர்ப் பெண் குனிந்து பொறுக்குகிறாள்.

ஜன்னலின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த காலமெல்லாம் எத்தனை பேர் அவளிடம் என்னென்ன தகிடுதத்தம் செய்திருப்பார்கள்! மூக்குக் கண்ணாடியைக் காணோம் என்பார்கள், ஊர் பெயர் மறந்துவிட்டது என்பார்கள், பின்னால் வருகிற கூட்டாளி வந்து சேரும்வரை டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். அத்தனையையும் பல்லைக் கடித்துப் பார்த்துக்கொண்டிருந்தவள், இன்று ஒவ்வொன்றாக எடுத்து விட்டாள்.

"போட்டோ எடுக்கணும்மா, இங்க பாருங்க" என்றாள் கவுன்ட்டர்ப் பெண். அக்கா பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். மறுபடி எடுத்தார்கள். தும்மினாள்.

"அம்மா, மூடுற நேரம்..."

"ஒரே ஒரு கேள்விம்மா. கப்பலுக்கு எது முன்பக்கம்?"

"போற பக்கம்தான் முன்பக்கம்."

"திரும்பி வரும்போது?"

கவுன்ட்டர்ப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

வெளியே கடைசி நூலைப் பல்லால் கடித்து அறுத்தார் தையல்காரர். ஆறு பட்டனும் மின்ன, கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். வாசலில் அதே காவலர். இப்போது தைத்த கால்சட்டையோடு நிமிர்ந்து நின்றார்.

"சார், கத்தரிக்கோல் உள்ள போகக் கூடாது."

"யோவ், இந்தக் கத்தரிக்கோல்தான்யா உன் மானத்தைக் காப்பாத்துச்சு!"

"நன்றி சார். அது வேற, இது வேற. வச்சுட்டுப் போங்க."

தன் வாழ்நாள் வசனத்தையே அடுத்தவன் வாயில் கேட்டு அவர் கத்தரிக்கோலை வைத்துவிட்டுப் போனார். வழுவழுத் தரையில் கடைசிக் கொஞ்ச தூரம் ஓடாமல் சறுக்கியே வந்து, மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூச்சு வாங்கியது. கோட்டை நீட்டினார்.

அக்கா அதை வாங்கவில்லை. முதுகைத் திருப்பி இரண்டு கையையும் பின்னால் நீட்டினாள். அவர் மாட்டிவிட்டார். தோள் உட்கார்ந்தது. கை மணிக்கட்டில் வந்து நின்றது. அக்கா ஒருமுறை கீழே குனிந்து பார்த்தாள்.

"உள்ள துணி விட்டிருக்கீங்களா?"

"ரெண்டு விரல்."

"எதுக்கு?"

"கப்பல்ல சாப்பாடு நல்லா இருக்குமாம்."

அவள் உதட்டோரம் ஏதோ அசைந்தது. அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "நீதான் முதல்லயே போயிருக்கலாமே?"

"வரிசை நீளம்" என்றாள் அக்கா. கூடத்தில் ஈ, காக்கை இல்லை.

கவுன்ட்டர்ப் பெண் இரண்டு பேரையும் சேர்த்து நிற்க வைத்து ஒரு படம் எடுத்தாள். அதில் மட்டும் அக்காவின் கண்கள் நன்றாகத் திறந்திருந்தன. கையில் அட்டைகள் வந்தன. அவ்வளவுதான். அந்தப் பெண் எழுந்திருப்பதற்குள், பழக்க தோஷம், அக்காவின் கை நீண்டு மேசை மேலிருந்த பலகையைத் திருப்பி வைத்தது.

"கவுன்ட்டர் மூடியாச்சு."

பட்டனே இல்லாத கோட்டு இரண்டு பக்கமும் காற்றில் இறக்கை மாதிரி அடிக்க, தையல்காரர் மனைவிக்குப் பின்னால் கப்பல் பாலத்தில் ஏறினார். கண்ணாடிக்கு வெளியிலிருந்து மச்சான் கத்தினான். "மாமா, மானம் எப்பவோ ஏறிருச்சு, நீங்களும் ஏறுங்க!" அந்த ஆறு பட்டன் கோட்டோடு அக்கா மேல்தட்டில் நின்ற அழகைப் பார்த்துத்தான் கேப்டன் தொப்பியைக் கழற்றினார்.

இதுவரை படித்துக் காட்டியதை எல்லாம், அந்தக் கோட்டையே போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்து பேசாமல் கேட்டுக்கொண்டிருந்த கவுன்ட்டர் அக்கா, இந்த இடத்தில் வாயைத் திறந்தாள்.

"கேப்டன் இருந்துட்டுப் போகட்டும். பட்டன் ஆறு இல்ல, அஞ்சு. அவர் கோட்டுல இருந்ததே அஞ்சுதான்." கோட்டின் கடைசிக் காஜாவுக்குள் விரலை விட்டு ஆட்டிக் காட்டினாள். "ஆறாவது இன்னும் பாக்கி."